தாத்தாவின் பிரம்பு நாற்காலியும் 12½ அங்குலச் சதுர ஸ்கேலும்

தாத்தாவின் சாய்வு நாற்காலி இப்போது இல்லை. அதன் பிரம்புப் பின்னலை ஒரு குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வை) கட்டமாகத் தைத்து வைக்க ஆசைப்பட்டுத்தான் இந்தக் கண்ணாடி போன்ற அக்ரிலிக் ஸ்கேலை வாங்கினேன்.

பின்னலுக்கு நான் எடுத்த கணக்கு இது: 1½ அங்குல அகலம், 3½ அங்குல நீளத்தில் 48 துண்டுகள். மூன்று மூன்றாக இணைத்தால் 16 சின்னச் சதுரங்கள். ஒன்று நெடுக்காக, அடுத்தது குறுக்காக என்று மாற்றி மாற்றி அடுக்கினால் கூடைப் பின்னல் அப்படியே வந்துவிடும். தையலுக்கு ஒவ்வொரு ஓரத்திலும் கால் அங்குலம் விட வேண்டும். ஒரு நூலிழை கூடினாலும் எல்லாம் சேர்ந்து கட்டம் சுருங்கும். கட்டம் 12½ அங்குலம் வர வேண்டும்; எனக்கு முதல் தடவை ஒரு பக்கம் 12¼தான் வந்தது. ஸ்கேலை மேலே வைத்ததுமே எந்த வரிசை இழுக்கிறது என்று தெரிந்துவிட்டது. இரண்டு தையலைப் பிரித்துத் தைத்தேன், சரியாகிவிட்டது. இதற்காகவே வாங்கலாம்.

குறையும் உண்டு. கோடுகள் கறுப்பு மையில் இருப்பதால் அடர் பழுப்புத் துணியில் கண்ணுக்கே தெரியவில்லை. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துவைத்து வெட்டினேன். துணிமேல் வழுக்கவும் செய்கிறது. அடியில் உப்புத்தாள் துண்டுகளை ஒட்டிய பிறகு நகரவில்லை.

அப்புறம், நடுவில் ஒரே ஒரு பட்டையை மட்டும் வெளிர் தேன் நிறத்தில் வைத்தேன். தாத்தாவின் கை பட்டுப் பட்டு நாற்காலிக் கைப்பிடி அந்த நிறத்துக்குத்தான் வெளுத்திருந்தது. அம்மா கட்டத்தைப் பார்த்ததும் விரலை நேராக அங்கேதான் வைத்தாள்.