கடுவன் பூனை: அப்படியே விடுவதா, ஆபரேஷன் செய்வதா?

ஒரே ஈத்தில் பிறந்த இரண்டு கடுவன் குட்டிகளில் ஒன்று ஈரோடு மாவட்டம் கோபியில் எங்கள் வீட்டுக்கு வந்தது. இன்னொன்று கவுந்தப்பாடிப் பக்கம் அக்காவின் தோட்டத்துக்குப் போனது. எங்கள் பூனைக்கு ஆறாவது மாதத்தில் விதைகளை எடுக்கிற கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டோம். அக்கா வீட்டில் செய்யவில்லை. இரண்டும் இப்போது நன்றாக வளர்ந்த பூனைகள். தாய் ஒன்று. அப்பன் ஒன்றுதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒரே ஈத்துக் குட்டிகளுக்கு வெவ்வேறு கடுவன்கள் அப்பனாக இருப்பது பூனைகளில் சாதாரணம். ஆனாலும் இரண்டு வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு எனக்குக் கிடைக்காது. ஆபரேஷன் செய்வதுதான் சரி என்பது என் கட்சி.

நம் பக்கம் நடைமுறையில் இருக்கிற இன்னொரு வழியை முதலில் ஒதுக்கிவிடலாம். கடுவன் வளர்ந்து தொல்லை கொடுக்க ஆரம்பித்ததும் சாக்கில் போட்டுக் கட்டி, வாய்க்கால் கரையிலோ சந்தைத் திடலிலோ விட்டுவிட்டு வருவது. வீட்டுச் சோறு தின்று வளர்ந்த பூனை, அங்கே ஏற்கெனவே இடம் பிடித்திருக்கும் கடுவன்களிடம் கடிபடும். இல்லையென்றால் ரோட்டில் அடிபடும். பட்டினி கிடக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. அதோடு, ஒரு கடுவன் போன இடத்துக்குக் கொஞ்ச நாளில் இன்னொன்று வந்து சேரும்.

ஆபரேஷன் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே அடைத்து வளர்ப்பது இன்னொன்று. கோவை, திருப்பூர் அடுக்குமாடி வீடுகளில் இப்படி வளர்க்கிறார்கள். வெளியே சண்டை இல்லை, அது நல்லதுதான். ஆனால் பக்கத்தில் ஏதாவது ஒரு பெட்டைப் பூனை பருவத்துக்கு வந்து கத்தினால், கடுவன் கதவோரம் நின்று விடிய விடியக் கத்தும். வால் நடுங்க நின்றுகொண்டு சுவரிலும் சோபாவிலும் மூத்திரம் பீச்சும். அந்த மூத்திரத்தில் ஃபெலினைன் என்ற பொருள் இருக்கிறது. அது சிதையும்போது வருகிற கந்தக வாடைதான் கடுவன் நாற்றம். ஆண் ஹார்மோன் ஏற ஏற ஃபெலினைனும் ஏறும். நாற்றத்துக்குப் பயந்து ஃபினாயில் ஊற்றிக் கழுவவும் முடியாது, பூனைக்கு அது நஞ்சு. பெர்சியன் மாதிரி ஜாதிப் பூனைகளை இனவிருத்திக்கென்று வைத்திருப்பவர்களுக்கு இதைவிட்டால் வழியில்லை. அவர்கள் சங்கதி எனக்குப் பழக்கமில்லை, நான் பேசுவது வீட்டு நாட்டுப் பூனையைப் பற்றி மட்டும்.

விந்துக்குழாயை மட்டும் வெட்டிவிட்டால் போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். குட்டி உண்டாகாது, அவ்வளவுதான். விதை உள்ளே இருக்கிறவரை ஹார்மோன் சுரந்துகொண்டே இருக்கும். ஊர் சுற்றல், சண்டை, பீச்சல் எதுவும் மாறாது.

மிச்சம் இருப்பது அக்காவின் வழியும் எங்கள் வழியும்.

அக்காவின் கடுவன் பார்க்க எடுப்பாக இருக்கும். கன்னம் உப்பி, தலை பெருத்து, கழுத்துத் தோல் தடித்து, தோட்டத்துக் கேட்டில் உட்கார்ந்திருந்தால் காவலுக்கு ஆள் வைத்த மாதிரிதான். அது ஹார்மோன் கொடுக்கிற உடம்பு. எங்கள் பூனைக்கு முகம் சின்னது, பெட்டையோ என்று வந்தவர்கள் கேட்பார்கள். தோட்டத்தில் இடமும் தாராளம். மூத்திரம் பீச்சினால் வெளியே பீச்சிவிட்டுப் போகட்டும் என்று விடலாம், மஞ்சள் மூட்டை அடுக்கிய அறையைப் பூட்டி வைத்தால் சரி. இதுவரைக்கும் பார்த்தால் இரண்டு வழியும் ஏறக்குறைய சமம்தான்.

சமம் இல்லாமல் போவது கடிகாயத்தில். என் முடிவுக்குக் காரணமே இதுதான், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

பூனையின் கோரைப்பல் மெலிது, கூர்மை, ஆழமாக இறங்கும். வெளியே தெரிவது குண்டூசி குத்தின அளவு ஓட்டை. ரோமத்துக்குள் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதே சிரமம். அந்த ஓட்டை சீக்கிரமே மேலே மூடிக்கொள்ளும். பல்லோடு உள்ளே போன கிருமிகள் தோலுக்கடியில் மாட்டிக்கொண்டு பெருகும். ரெண்டு மூணு நாள் கழித்துப் பூனை சோற்றைத் தொடாது, கட்டுத்தறி மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும், தொட்டால் உடம்பு கொதிக்கும். தடவிப் பார்க்கும்போதுதான் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம் கையில் தட்டுப்படும். எதிர்த்து நிற்கிற பூனைக்கு முகத்திலும் முன்னங்காலிலும் சீழ் கட்டும், திரும்பி ஓடுகிற பூனைக்கு வாலடியில் கட்டும். அக்காவின் கடுவனுக்குப் பெரும்பாலும் கன்னத்தில்தான்.

ஒவ்வொரு தடவையும் அதே வேலை. கூடையில் அடைத்து, பைக்கில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். டாக்டர் வீக்கத்தைக் கீறிச் சீழை வெளியேற்றி, கழுவி, ஊசி போட்டு அனுப்புவார். வெளிக்காயம் உள்ளே ஆறுவதற்கு முன்னால் மூடிக்கொள்ளக் கூடாது என்பதால் வீட்டில் தினமும் கழுவ வேண்டும். மாத்திரை கொடுக்க ரெண்டு பேர் வேண்டும், ஒருத்தர் துண்டில் சுற்றிப் பிடிக்க, ஒருத்தர் வாயைத் திறக்க. மழைக்காலத்தில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிட்டால் பூனையின் உயிருக்கே ஆபத்து. காயம் ஆறி அந்த இடத்தில் ரோமம் முளைப்பதற்குள் அடுத்த பெட்டை பருவத்துக்கு வரும், அடுத்த சண்டை நடக்கும். "மாட்டைக்கூட இத்தனை தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதில்லை கண்ணு" என்று அக்காவே சொல்லிவிட்டாள். (காய்ச்சல் அடிக்கிறதே என்று வீட்டில் இருக்கிற பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.)

சீழாவது கண்ணுக்குத் தெரியும், கீறினால் ஆறும். தெரியாமல் வருவது வைரஸ். மனிதர்களின் எச்.ஐ.வி. வகையைச் சேர்ந்த எஃப்.ஐ.வி. என்ற பூனை வைரஸை 1986இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கண்டுபிடித்தார்கள். அது மனிதர்களுக்கு ஒட்டாது. பூனைக்குப் பூனை பரவுவது முக்கியமாகக் கடியால்தான். அதனால்தான் வெளியே சுற்றிச் சண்டை போடுகிற கடுவன்களிடம் அதிகம் காணப்படுகிறது. வந்துவிட்டால் முழுசாகக் குணப்படுத்த மருந்து கிடையாது, எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். வெறிநோயும் கடியால் வருவதுதான். அதற்குத் தடுப்பூசி கட்டாயம், ஆபரேஷன் செய்த பூனைக்கும் சேர்த்துத்தான்.

பணக் கணக்கும் இங்கேதான் திரும்புகிறது. ஆபரேஷன் செலவு ஒரே தடவை. கடிகாயத்தின் செலவு ஒவ்வொன்றும் சின்னதுதான், ஆனால் பூனை பத்துப் பன்னிரண்டு வருஷம் வாழும். செலவை விடுங்கள், கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு அறுவடை நேரத்தில் ஆள் வேண்டுமே.

ஆபரேஷன் இதை எப்படி மாற்றுகிறது? கடுவன் தோட்டம் விட்டுத் தோட்டம் போவது பெட்டையைத் தேடி. கடிபடுவது அந்தப் பெட்டைக்காக வந்து நிற்கிற மற்ற கடுவன்களிடம். விதையை எடுத்ததும் அந்தத் தேடல் குறைகிறது. எங்கள் பூனை மதில்மேல் நின்று அடுத்த வீட்டுப் பூனையைப் பார்த்து இப்போதும் உறுமும். ஆனால் எங்கள் தெருவைத் தாண்டுவதில்லை, சீழ்க் கட்டி என்று ஒன்று வந்ததே இல்லை. எல்லாப் பூனையும் இப்படியே ஆகிவிடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆபரேஷன் செய்த கடுவன்களிலும் சுமார் பத்தில் ஒன்று தொடர்ந்து மூத்திரம் பீச்சும். வயசான, சண்டையில் ஊறிப்போன கடுவனுக்குச் செய்தாலும் பெரும்பாலும் பலன் உண்டு என்கிறார்கள் டாக்டர்கள். நான் கண்ணால் பார்த்தது குட்டியிலேயே செய்ததை மட்டும்தான்.

ஆபரேஷனைப் பற்றிய பயம் அதன் அளவைவிடப் பெரிது. பெட்டைக்கு வயிற்றைத் திறக்க வேண்டும், கடுவனுக்கு அது தேவையில்லை. மயக்க மருந்து கொடுத்து, விதைப்பையில் சின்னதாகக் கீறி, விதைகளை எடுத்து முடிச்சுப் போட்டுவிடுவார்கள். கீறின இடத்துக்குப் பெரும்பாலும் தையல்கூட இல்லை, தானாக மூடிக்கொள்ளும். ஈரோட்டில் செய்தோம், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டோம். ஒன்று மட்டும் முன்னமே தெரிந்திருந்தால் நல்லது: பூனைக்கு வழக்கமாகப் போடும் கெட்டமின் மயக்கத்தில் கண் திறந்தபடியே இருக்கும். கண் காயாமல் இருக்கத்தான் களிம்பு தடவி அனுப்புகிறார்கள். அந்தக் கண்ணைப் பார்த்து அம்மா பயந்துவிட்டார். தெளிகிறவரை தள்ளாடும். கட்டில், பரண் எதுவும் ஏறாதபடி ஒரு அறையில், குளிர் படாமல் வைத்திருந்தால் போதும். கொஞ்ச நாளைக்கு மணல் தட்டில் மணலுக்குப் பதில் கிழித்த காகிதம் போட வேண்டும், இல்லையென்றால் காயத்தில் மண் ஒட்டும்.

இனி நம் ஊரில் கேட்கிற கேள்விகள். "ஏங்கண்ணு, வாயில்லா ஜீவனை இப்படிப் பண்ணலாமா?" என்று பக்கத்து வீட்டு ஆத்தா கேட்டார். கேட்டது அக்கறையில்தான். ஆனால் நம் தோட்டங்களில் ஏருக்கும் வண்டிக்கும் பூட்டிய எருதுகள் காயடித்தவைதானே? காங்கயம் மாட்டில் பொலிக்கென்று நிறுத்திய பூச்சிக்காளைகள் போக மற்றவற்றுக்கெல்லாம் காயடித்தார்கள், அதுவும் மயக்க ஊசி இல்லாத காலத்தில். பூனைக்கு இன்று மயக்கமும் உண்டு, வலிக்கு மருந்தும் உண்டு. ஆத்தாவிடம் இதைத்தான் சொன்னேன், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரிதான் என்றார்.

எலி பிடிக்காமல் போய்விடுமோ என்பது தோட்டத்துக்காரர்களின் கவலை. நியாயமான கவலைதான், தேங்காய்க்கும் தானியத்துக்கும் எலி பெரிய எதிரி. ஆனால் வேட்டைக் குணம் ஆண் ஹார்மோனால் வருவது இல்லை. பெட்டைகள்தான் நல்ல வேட்டைக்காரர்கள் என்பது தோட்டத்தில் பூனை வைத்திருக்கும் யாருக்கும் தெரியும். எங்கள் பூனை எலியைப் பிடித்துக் கொண்டுவந்து வாசற்படியில் போடுவதை இன்னும் நிறுத்தவில்லை. வீட்டோடு கிடக்கிற பூனை, பெட்டை தேடி நாலு நாள் காணாமல் போகிற பூனையைவிட எலி பிடிக்க உதவும்.

உடம்பு போடும் என்பது மட்டும் உண்மை. விதை எடுத்தபின் உடம்புக்குத் தேவையான தீனி கால்வாசிக்குப் பக்கம் குறைகிறது, பசியோ கூடுகிறது. பால் சோறு, தயிர் சோறு என்று தட்டை நிறைத்தால் ஒரே வருஷத்தில் உருண்டுவிடும். சோற்றைக் குறைத்து மீன், கோழி, முட்டை என்று கொடுங்கள். பூனைக்கு வேண்டியது கறிதான். ஆபரேஷன் செய்தால் மூத்திரக்குழாய் சுருங்கி அடைத்துக்கொள்ளும் என்றும் ஒரு பேச்சு உண்டு. அளந்து பார்த்த ஆய்வுகளில் குழாயின் அகலத்தில் வித்தியாசம் தெரியவில்லை. கடுவன் பூனைக்கே குழாய் குறுகல். எந்தக் கடுவனும் மூத்திரம் வராமல் முக்கிக்கொண்டிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும், ஓரிரு நாள் தாமதித்தால் உயிர் போகும்.

செய்வதென்றால் நாலாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதத்துக்குள் செய்வது நல்லது. பீச்சவும் சண்டைக்கும் பழகுவதற்கு முன்னால் முடிந்துவிடும். இரண்டு விதையும் பைக்குள் இறங்கியிருக்கிறதா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று உள்ளேயே நின்றிருந்தால் வயிற்றில் தேடி எடுக்க வேண்டியிருக்கும், விட்டுவைத்தால் அதுவே ஹார்மோன் சுரக்கும். ஆபரேஷனுக்கு முன்னால் பட்டினி எத்தனை மணி நேரம் என்பதையும் அவரிடமே கேளுங்கள், குட்டிக்கு நீண்ட பட்டினி ஆகாது. கிராமத்து மருந்தகத்தில் பெரும்பாலும் மாடும் ஆடும்தான் பார்ப்பார்கள். அங்கே வசதி இல்லையென்றால் ஈரோடு, கோவை, திருப்பூரில் செல்லப்பிராணி டாக்டர்கள் இருக்கிறார்கள். நாமக்கல்லில் 1985இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆபரேஷன் முடிந்தும் சில வாரங்கள் பழைய விந்து மிச்சம் இருக்கும், அதுவரை பெட்டையோடு சேர விடாதீர்கள்.

வீட்டில் பெட்டையும் இருந்தால் அதற்கும் சேர்த்தே செய்துவிடுங்கள். ஒரு கடுவனுக்கு மட்டும் செய்தால் அந்தக் கடுவனுக்கும் உங்களுக்கும் நிம்மதி, ஆனால் தெருவில் குட்டிகள் குறையாது. மிச்சமிருக்கிற ஒரே கடுவன் போதும், அத்தனை பெட்டைகளும் சினையாகிவிடும், ரெண்டே மாதத்தில் குட்டி போடும். அக்கா தோட்டத்தில் இப்போது ஒரு பெட்டையும் வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் ஈரோட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று பேசிவைத்திருக்கிறோம்.