கேப் போட்ட பல்லும் தில்லை நகர் டாக்டரும்

ரூட் கெனால் செய்த பல்லில் நரம்பே கிடையாதே, அது எப்படி வலிக்கும்? திருச்சியில் இறங்கியதிலிருந்து என்னிடம் இதைக் கேட்காத சொந்தக்காரர் இல்லை. நரம்பை எடுத்துவிடுகிறார்கள், சரி. வேரைச் சுற்றியுள்ள சவ்வும் எலும்பும் அப்படியேதானே இருக்கின்றன, வலி அங்கிருந்து வருகிறது. சிகிச்சை முடிந்து சில நாள் மெல்லும்போது நோவது சகஜம். கேப் போட்டு மாதக்கணக்கான பிறகும் கடித்தால் பொறி தெறிக்கிறது என்றால் ஏதோ பாக்கி இருக்கிறது.

என்னுடையது இடது மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல். நான் இருக்கும் லெஸ்டரில், என்.எச்.எஸ். என்னும் பிரிட்டிஷ் அரசு மருத்துவச் சேவை வழியாக ரூட் கெனால் செய்துகொண்டது. இங்கிலாந்தில் இதற்கு மூன்று படிக் கட்டணம். 2025 ஏப்ரலில் வந்த விகிதப்படி பரிசோதனைக்கு 27.40 பவுண்டு, ரூட் கெனால் வரைக்கும் 75.30, கேப்பும் சேர்ந்தால் எல்லாவற்றுக்குமாக 326.70. ஓராண்டுக்குள் பழுதானால் அதே டாக்டர் காசு வாங்காமல் சரிசெய்து தரவேண்டும் என்றும் விதி உண்டு. என் பல் அந்த ஓராண்டைச் சமர்த்தாகக் கடந்த பிறகுதான் வலி ஆரம்பித்தது. எக்ஸ்-ரேயில் ஒன்றும் தெரியவில்லை, பொறுத்துப் பாருங்கள் என்றார்கள். தனியார் நிபுணர் ஆயிரம் பவுண்டுக்கு மேல் சொன்னார். அண்ணன் மகள் கல்யாணம் வேறு வந்தது. கொழும்பு வழியாகத் திருச்சிக்கு டிக்கெட் போட்டாயிற்று.

அத்தை கிராம்புத் தைலத்தோடு காத்திருந்தார். திறந்த சொத்தையில் அது கொஞ்சம் மரக்க வைக்கும். கேப்புக்கு அடியில், வேர் நுனியில் இருக்கும் வலிக்கு அது எட்டாது. மருந்துக்கடையில் கேட்ட மாத்திரத்தில் வலி மாத்திரையோடு அமாக்சிசிலினும் எடுத்து வைத்தார்கள். சீட்டு இல்லாமல் அதைத் தரக்கூடாது என்பது சட்டம். முகத்தில் வீக்கமோ காய்ச்சலோ இல்லாத வெறும் பல்வலிக்கு அது தேவையும் இல்லை. வலி மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

தில்லை நகரில் எந்த கிராஸில் திரும்பினாலும் ஒரு பல் கிளினிக் இருக்கும். முதலில் போன இடத்தில் ஏசி, காபி எல்லாம் உண்டு. நாற்காலியில் சாய்ந்த கொஞ்ச நேரத்திலேயே தீர்ப்பு வந்துவிட்டது: “எடுத்துட்டு இம்ப்ளான்ட் போட்டுக்கலாம் சார். ஃபாரின்ல இருக்கீங்க, திரும்பத் திரும்ப வர முடியாதில்ல?” இம்ப்ளான்ட் என்பது தாடை எலும்பில் திருகும் செயற்கை வேர். அது எலும்போடு பிடிக்கவே மாதக்கணக்கில் ஆகும், லீவில் வந்தவனுக்கு அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று புரியவில்லை. பல்லைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. வெளிநாடு என்று தெரிந்ததும் சிலருக்கு வாயைவிடப் பர்ஸ் நன்றாகத் தெரிகிறது.

வெளிநாட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று. போர்டில் எல்லாச் சிகிச்சையும் எழுதியிருக்கும். ஆனால் ரூட் கெனாலுக்கென்றே எம்.டி.எஸ். என்ற மேற்படிப்பு படித்தவர், அதாவது ‘எண்டோ’ டாக்டர், பல கிளினிக்குகளில் அங்கேயே உட்கார்ந்திருப்பதில்லை. ஊரைச் சுற்றி நாலைந்து இடத்துக்குக் கிழமை வைத்து வந்துபோவார். “எண்டோ டாக்டர் என்னைக்கு வருவாங்க?” என்று போனிலேயே கேட்டுவிட்டுப் போவது நல்லது. நான் அப்படித்தான் இரண்டாவது கிளினிக்கைப் பிடித்தேன். ஆறரைக்கு வரச்சொல்லி எட்டு மணிக்குக் கூப்பிட்டார்கள், அதில் மாற்றமில்லை.

வந்தவர் சின்ன வயது டாக்டரம்மா. அவசரப்படவில்லை. வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியின் கைப்பிடியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். பக்கத்துப் பற்களில் குளிர்ந்த பஞ்சை வைத்துப் பார்த்தார், வலி அங்கிருந்து வருகிறதா என்று. நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, கேப் உயரமாக இடிக்கிறதா என்று கறையைப் பார்த்தார். கேப் கொஞ்சம் உயரமாக இருந்தாலே இப்படி வலிக்குமாம், தேய்த்துவிட்டால் போதுமாம். எனக்கு அது இல்லை. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய கம்பியை விட்டுச் சுற்றிவர ஆழம் பார்த்தார். ஒரே இடத்தில் மட்டும் ஆழமாக இறங்கினால் வேர் பிளந்திருக்கலாம் என்று சந்தேகப்படுவார்களாம். அதுவும் இல்லை. சைனஸ் தொந்தரவு உண்டா என்றும் கேட்டார், மேல் கடைவாய்ப்பல் வேர்கள் அதற்குப் பக்கத்திலேயே முடிவதால்.

பிறகு ஸ்கேன் சென்டருக்கு அனுப்பினார். சி.பி.சி.டி. என்கிறார்கள். சாதா எக்ஸ்-ரேயில் ஒன்றின்மேல் ஒன்றாக விழும் வேர்களை இதில் துண்டு துண்டாகப் பார்க்கலாம். திரையில் காட்டினார்: “மூணு வேர்தான் சார், ஆனா இந்தப் பல்லுல பெரும்பாலும் நாலு கெனால் இருக்கும். கன்னத்துப் பக்கம் முன்வேர்ல ரெண்டாவது ஒண்ணு ஒளிஞ்சிருக்கு, அதைத் தொடவே இல்லை.” கெனால் என்றால் வேருக்குள் நரம்பு ஓடும் மெல்லிய குழாய். அந்த வேர் நுனியில் எலும்பு கரைந்து கறுப்பாகத் தெரிந்தது. லெஸ்டர்காரரைக் குறை சொல்லாமல், “தப்பிப்போறது ஈஸி” என்று மட்டும் சொன்னார். அது எனக்குப் பிடித்திருந்தது.

கேப்பில் துளை போட்டும் உள்ளே போகலாம். ஆனால் அடியில் விரிசல் இருந்தால் தெரியாது என்று அறுத்தே எடுத்தார். அந்தச் சத்தம் மண்டைக்குள் இன்னும் இருக்கிறது. பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை ரப்பர் ஷீட்டால் மூடிக்கொண்டார். எச்சிலும் கிருமியும் உள்ளே போகாது, கழுவும் மருந்து தொண்டையில் இறங்காது. இதைப் போடுவார்களா என்று முன்னாலேயே கேட்டு வையுங்கள். பழைய அடைப்பை எடுத்து, நாலையும் சுத்தம் செய்து, மருந்து வைத்துத் தற்காலிகமாக மூடினார். கல்யாணப் பந்தியில் ஒரு பக்கமாகவே மென்றேன். அடுத்த வாரம்தான் நிரந்தரமாக அடைத்தார். கேப்பை உடனே போடச் சொன்னேன், மறுத்துவிட்டார். கடித்தால் வலியில்லை என்று நான் சொன்ன பிறகே அளவு எடுத்தார்.

ஸ்கேன், மறுசிகிச்சை, ஜிர்கோனியா கேப் எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய். என் பிரிட்டிஷ் கார்டை மெஷின் ஏற்கவில்லை, அண்ணன் ஜிபேயில் போட்டார். ரசீதில் ‘பல் சிகிச்சை’ என்று மட்டும் இருந்தது. எந்தப் பல், எத்தனை கெனால், என்ன வைத்து அடைத்தது என்று எழுதித் தாருங்கள் என்றதும் ரிசப்ஷன் பெண் என்னை வினோதமாகப் பார்த்தார். டாக்டர் லெட்டர்ஹெட்டில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். ஸ்கேனைச் சிடியில் தந்தார்கள். இந்தக் காலத்தில் சிடியை எந்தக் கம்ப்யூட்டரில் போடுவது? பென்டிரைவில் கேட்டு வாங்கினேன்.

ஊர்ப் பயணத்தில் பல் வேலை இருந்தால் இறங்கிய வாரமே ஆரம்பித்துவிடுங்கள். கேப் மாட்டிய பிறகு ஒரு வாரமாவது கையில் இருக்கவேண்டும். எனக்கே மாட்டிய மூன்றாம் நாள் லேசாக இடித்தது. போனேன், நீலத் தாளை வைத்துக் கொஞ்சம் தேய்த்துவிட்டார், அதற்குக் காசு வாங்கவில்லை. இதுவே விமானத்தில் ஏறிய பிறகு என்றால் தேய்க்க ஆள் தேடி அலைந்திருப்பேன்.

கரைந்த எலும்பு திரும்ப வளர மாதங்கள் ஆகும். ஆறு மாதத்தில் லெஸ்டரில் ஒரு எக்ஸ்-ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார், படத்தை வாட்ஸ்அப்பில் தனக்கும் அனுப்பும்படி.