கடலூரில் ஒரு ஜிஎஸ்டி கணக்கு அலுவலகம்: மளிகைக் கடைக்காரரின் மதிப்பீடு

திருப்பாப்புலியூரில் மளிகைக் கடை நடத்தும் நான், வரிக்கணக்கு வேலையை அருகிலுள்ள ஒரு சிறிய அலுவலகத்திடம் கொடுத்திருக்கிறேன். பொறுமையாக விளக்குவதே அவர்களின் பெரிய பலம். சரக்கு விற்பவர் ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டிய ஆண்டு விற்றுமுதல் வரம்பு தமிழ்நாட்டில் 40 லட்சம் ரூபாய், புதுச்சேரியில் 20 லட்சம் என்பதையும், காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் எளிய முறை) 1 சதவீத வரி கட்டும் கடைக்காரர் முள்ளோடை எல்லையைத் தாண்டி புதுச்சேரியின் பாகூருக்குச் சரக்கு அனுப்பினால் அது வெளிமாநில விற்பனையாகி, அத்திட்டத்திலேயே நீடிக்க முடியாமல் போகும் என்பதையும் என் பில் புத்தகத்தை விரித்து வைத்தே புரிய வைத்தார்கள். அத்திட்டத்தில் இருப்பவரின் பில்லில் இருக்க வேண்டிய, வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்க உரிமையில்லை என்ற கட்டாய வாசகத்தை அச்சகம் விட்டுவிட்டதைக் கண்டுபிடித்தவர்களும் அவர்களே.

குறை என்றால், காலாண்டு வரி கட்டக் கடைசி நாளான 18ஆம் தேதி நெருங்கும்போது தொலைபேசியை எடுப்பதில்லை. தாமதத்துக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியோ நம் தலையில்தான் விழும். கட்டணம் நியாயமானது. முதல் வாரத்திலேயே பில்களை ஒப்படைக்கும் வழக்கமுள்ள வியாபாரிகளுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.