கேபிளிலிருந்து ஓடிடிக்கு: நேரலை விளையாட்டில் என் நீண்டகால அனுபவம்

கேபிள் இணைப்பைத் துண்டித்துவிட்டு, நேரலை விளையாட்டுகளை ஓடிடி செயலிகளில் மட்டுமே பார்க்கத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. படத்தின் தரத்தைப் பற்றி எனக்குக் குறையேதும் இல்லை. வர்ணனை மொழியை மாற்றிக்கொள்வதும், தவறவிட்ட கோலைப் பின்னோக்கி நகர்த்திப் பார்ப்பதும், பயணத்தின்போது கைபேசியில் ஆட்டத்தைத் தொடர்வதும் பழகிவிட்டால் விட முடியாத வசதிகள்.

இன்றும் உறுத்துவது தாமதம்தான். பெனால்டி ஷூட்அவுட்டில் வீரர் பந்தை நோக்கி ஓடத் தொடங்கும்போதே, ஸ்கோர் செயலியின் நோட்டிஃபிகேஷன் முடிவைச் சொல்லிவிடுகிறது. நேரலை என்ற சொல்லுக்கே பொருள் இல்லாமல் போகும் கணம் அது. நேரலைக் காணொளி சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டு, பல தரங்களில் குறியாக்கம் செய்யப்பட்டு, சர்வரில் ஏற்றப்பட்ட பிறகே நம் கருவி அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குகிறது. காணொளியை இப்படித் துண்டுகளாக அனுப்ப ஆப்பிள் உருவாக்கி, இன்று பரவலாகப் பயன்படும் எச்எல்எஸ் முறையில் ஒரு துண்டுக்கு 6 விநாடி என்பது ஆப்பிளின் பரிந்துரை. நேரலையின் முனையிலிருந்து மூன்று துண்டுகளாவது பின்தங்கியே ஓடுவது வழக்கம் என்பதால், அந்த இடத்திலேயே 18 விநாடி போய்விடுகிறது. இதைக் குறைக்கும் புதிய வடிவத்தை ஆப்பிள் 2019இல் அறிவித்தது. ஆயினும் தாமதத்தைக் குறைக்கக் குறைக்க, இணையம் சற்றுத் தடுமாறினாலும் படம் உறைந்துவிடும் அபாயம் கூடுகிறது.

பார்ப்பவர்கள் பெருகும்போது வரும் சிக்கல் வேறு வகையானது. கேபிளில் ஒரே சமிக்ஞை எல்லா வீடுகளுக்கும் செல்கிறது. இணையத்திலோ ஒவ்வொரு பார்வையாளருக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டியிருக்கிறது. 2023 உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தது, இந்தத் தொழில்நுட்பம் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதற்குச் சான்று. ஆனாலும் அடுத்த ஆண்டு நவம்பரில் நெட்ஃபிளிக்ஸ் ஒளிபரப்பிய மைக் டைசன், ஜேக் பால் குத்துச்சண்டையில் ஏராளமானோர் பஃபரிங் பற்றிப் புகார் செய்தார்கள். திரைப்படத்தைப் போல முன்கூட்டியே பல இடங்களில் சேமித்து வைக்க நேரலையில் வழியில்லை.

உரிமைகள் சிதறிக் கிடப்பது மற்றொரு சலிப்பு. அமெரிக்காவில் வியாழன் இரவு என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) ஆட்டங்கள் 2022இல் அமேசானுக்கும், எம்எல்எஸ் (நாம் அறிந்த கால்பந்துக்கான அந்நாட்டு லீக்) ஆட்டங்கள் 2023இல் ஆப்பிளுக்கும் சென்றன. இப்போக்கு எங்கும் பரவுவதால், ஒரு ரசிகர் பல சந்தாக்களைச் சுமக்க வேண்டியிருக்கிறது. நான் பயன்படுத்திய செயலி ஒன்றில், உரிமை கைமாறியதும் பழைய ஆட்டங்களின் பதிவுகள் அனைத்தும் ஒரே நாளில் மறைந்துவிட்டன.

மாற நினைப்பவர்களுக்கு என் யோசனை: ஆண்டுச் சந்தாவைத் தவிர்த்து, போட்டித்தொடர் நடக்கும் மாதங்களுக்கு மட்டும் கட்டுங்கள், தொலைக்காட்சியை வைஃபைக்குப் பதிலாக லேன் கேபிளில் இணையுங்கள், ஆட்ட நேரத்தில் நோட்டிஃபிகேஷன்களை நிறுத்திவையுங்கள். தாமதத்தை மட்டும் நம்மால் சரிசெய்ய இயலாது. ஒளிபரப்பு உரிமையை ஏலம் விடும் விளையாட்டு அமைப்புகள், தொகையைப் பேசும்போதே இத்தனை விநாடிக்குள் படம் பார்வையாளரைச் சேர வேண்டும் என்பதையும் ஒப்பந்த நிபந்தனையாக்க வேண்டும்.