ஒரே ஒரு மாற்றம்: போருக்கு முந்தைய பிரிட்டிஷ் டாங்கியில் எதைத் திருத்தியிருக்கலாம்?

1936-க்கும் 1938-க்கும் இடையில் பிரிட்டிஷ் டாங்கியில் ஒரே ஒரு திருத்தம் செய்ய முடிந்திருந்தால், எஞ்சினை மாற்றியிருக்க வேண்டும் என்பார்கள் பலர். முதல் உலகப் போர்க்கால விமான எஞ்சினான லிபர்ட்டியை நம்பியது பிழை என்பது அவர்கள் வாதம். ஆனால் சுமார் 14 டன் எடையுள்ள விரைவு வகை டாங்கியான குரூசர் மார்க் 3-க்கு அதன் 340 குதிரைத்திறன் தாராளமாகவே இருந்தது. எடை ஏறிய பிறகே குறை பெரிதாயிற்று. பின்னாளில் மீட்டியார் என்ற டாங்கி எஞ்சினுக்கு மூலமான மெர்லின் விமான எஞ்சினோ அப்போது ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் விமானங்களுக்கே தேவைப்பட்டது.

காலாட்படைக்கு ஒன்று, விரைவுப் படைக்கு ஒன்று என்று பிரிக்காமல் ஒரே டாங்கியைக் கட்டுவது இரண்டாவது யோசனை. கொள்கையளவில் இதுவே சிறந்தது. எனினும், அந்த வழியில் சென்றிருக்கக்கூடிய 16 டன் மீடியம் மார்க் 3, செலவு மிகுதியால் மூன்றே வண்டிகளோடு கைவிடப்பட்டதை மறக்கக் கூடாது.

நான் தேர்ந்தெடுப்பது மூன்றாவதை: பீரங்கியைத் தாங்கும் சுழல் கோபுரத்தை அகன்ற அடிவளையத்தின் மீது அமைப்பது. வளையம் அகலமானால்தான் பெரிய பீரங்கிக்கும் அதை இயக்குவோருக்கும் கோபுரத்தில் இடமிருக்கும். 40 மி.மீ. விட்டமுள்ள 2 பவுண்டர் பீரங்கி 1939-இல் கவசத்தைத் துளைப்பதில் நல்ல ஆயுதம்தான். ஆனால் வெடித்துச் சிதறும் குண்டு டாங்கிகளுக்கு வழங்கப்படாததால், பள்ளத்தில் பதுங்கிய டாங்கி எதிர்ப்புப் பீரங்கியை அவை இயந்திரத் துப்பாக்கியால் மட்டுமே எதிர்கொள்ள வேண்டியிருந்தது. 57 மி.மீ. கொண்ட 6 பவுண்டரின் வடிவமைப்பு 1938-லேயே தொடங்கிவிட்டது. அதைச் சுமக்கும் டாங்கிதான் இல்லை. ஜெர்மானியர்களோ பான்சர் 3-ஐ 37 மி.மீ. பீரங்கியுடன் வெளியிட்டபோதே 50 மி.மீ. பீரங்கிக்கும் இடம் விட்டிருந்தார்கள். ஆகவே பீரங்கி மாறியபோதும் அதன் கோபுரத்தில் மூவர் பணியாற்ற முடிந்தது. பிரிட்டிஷ் டாங்கிகளான குரூசேடரிலும் வாலன்டைனிலும் 6 பவுண்டரைத் திணித்தபோது கோபுரத்தில் இருவருக்கே இடம் மிஞ்சியது; டாங்கியின் தளபதியே குண்டு நிரப்பவும் வேண்டியதாயிற்று.

ரயிலில் ஏற்றுவதற்கான அகல வரம்பு இதற்குத் தடையாகக் காட்டப்படுவதுண்டு. ஆனால் உடற்கூட்டைச் சங்கிலிப் பட்டைகளின் மேலாக நீட்டினால், மொத்த அகலத்தைக் கூட்டாமலே பெரிய வளையம் கிடைத்திருக்கும். எடை சற்றுக் கூடியிருக்கும், அதை நான் ஏற்பேன். எஞ்சினையும் கவசத்தையும் பின்னர் மேம்படுத்த வழியுண்டு. ஆனால் வளையத்தை அப்படி மாற்ற முடியாது: குறுகிய வளையத்தோடு பிறந்த காலாட்படை டாங்கியான மட்டில்டா 2-க்கு, 78 மி.மீ. கவசம் இருந்தும், பெரிய பீரங்கிக்கு மாறும் வழி கிடைக்கவில்லை.