ஒரே கார்போகரிசி, மூணு பொருள்: எதைத் தோலில் பூசலாம்?

போன சித்திரையில் என் கழுத்து திட்டுத்திட்டாகக் கறுத்துப்போனது. குளியல் பொடியைக் குழைத்துப் பூசி அரை மணி நேரம் ஊறவிட்டு, குளித்த கையோடு கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பாண்டிக்கு ஸ்கூட்டரில் கிளம்பிய நாள் அது. மறுநாள் எரிச்சலும் சிவப்பும், ஒரு வாரத்தில் கறுப்பு. தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: “பொடியில கார்போகரிசி இருக்காம்மா?” இருந்தது.

கார்போகரிசி விதையில் சோராலென் என்ற பொருள் உண்டு. அது தோலில் ஒட்டியிருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்துபோகும், பிறகு கறுக்கும். வெண்புள்ளிக்குச் சோராலென் கொடுத்துப் புற ஊதாக் கதிர் காட்டும் சிகிச்சைக்கே இந்தக் குணம்தான் ஆதாரம். ஆனால் அங்கே அளவையும் நேரத்தையும் மருத்துவர் பார்த்துக்கொள்கிறார். நம் வீட்டில் எல்லாம் கைப்பிடிக் கணக்கு.

இதே விதையிலிருந்துதான் பகுச்சியாலும் வருகிறது. ‘செடி தந்த ரெட்டினால்’, ‘கிளீன்’ என்றெல்லாம் சொல்லி விற்கும் முகச் சீரங்களில் இருப்பது அதுதான். ரெட்டினால் என்பது சுருக்கத்துக்குப் பூசும் வைட்டமின் ஏ வகை. பொடியால் பட்ட பிறகு, கார்போகரிசி எந்தெந்த உருவில் கடைக்கு வருகிறது என்று தேட ஆரம்பித்தேன். நாட்டு மருந்துக் கடைப் பொடி, கார்போகரிசி எண்ணெய், ‘கிளீன்’ சீரம் மூன்றையும் வாங்கி, கூடவே மெடிக்கலில் கிடைக்கும் சாதாரண ரெட்டினால் கிரீமையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

எண்ணெயை முதலிலேயே தள்ளிவிடலாம். ‘நூறு சதம் இயற்கை’ என்பது பொய்யில்லை. ஆனால் விதையில் இருக்கும் சோராலெனும் அதோடு சேர்ந்தே வரும். சுத்திகரித்த பகுச்சியாலில் அதைப் பிரித்து எடுத்துவிடுகிறார்கள். லேபிளில் ‘பகுச்சியால்’ என்று இருக்கிறதா, ‘சொராலியா கோரிலிஃபோலியா விதை எண்ணெய்’ (கார்போகரிசியின் தாவரப் பெயர்) என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல. இரண்டாவதை முகத்தில் பூசிக்கொண்டு சில்வர் பீச்சுக்குப் போகாதீர்கள்.

சீரம் விஷயம் இன்னும் சிக்கல். நான் வாங்கிய பாட்டிலின் முன்பக்கம் பாரபென் இல்லை, சல்ஃபேட் இல்லை, கெமிக்கல் இல்லை என்று வரிசையாக ‘இல்லை’கள். பாரபென் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்ப்பது. சல்ஃபேட் நுரைக்காகச் சேர்ப்பது. ஷாம்பூவில் இல்லை என்றால் ஒரு பொருள் உண்டு, கழுவாமல் விடும் சீரத்தில் எதற்கு? தண்ணீரும் கெமிக்கல்தான். ‘கிளீன்’ என்ற சொல்லுக்கு 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளில் விளக்கம் கிடையாது, யாரும் அச்சடிக்கலாம். அதே விதிகள் பின்பக்க உட்பொருள் பட்டியலுக்கு ஒரு ஒழுங்கு வைத்திருக்கின்றன: ஒரு சதத்துக்கு மேல் உள்ளவற்றை அளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும், அதற்குக் கீழே உள்ளவை எப்படியும் வரலாம்.

இங்கே ஃபினாக்ஸிஎத்தனால் கைகொடுக்கும். கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் இதற்கு உச்ச வரம்பே ஒரு சதம். ஆக, பட்டியலில் அதற்குப் பின்னால் வருவது எதுவும் ஒரு சதத்தைத் தாண்டாது. என் சீரத்தில் பகுச்சியால் அதற்கும் பின்னால்தான் இருந்தது. முதலில் கோபம் வந்தது. ஆனால் பகுச்சியாலையும் ரெட்டினாலையும் 44 பேரிடம் 12 வாரம் ஒப்பிட்ட ஆய்வில் இரண்டையும் 0.5 சதத்தில்தான் பயன்படுத்தினார்கள். சுருக்கமும் கருமையும் இரு குழுவிலும் குறைந்தன. ரெட்டினால் குழுவில் தோல் உரிவதும் குத்தலும் கூடுதல். ஆகவே பின்னால் வருவது குற்றமில்லை, அளவைச் சொல்லாமல் விடுவதுதான் குற்றம். என் பாட்டிலில் சதவீதமே இல்லை.

அதைவிட என்னைச் சங்கடப்படுத்தியது கடைசி வரி: லாவெண்டர் எண்ணெய், லினலூல், லிமோனீன். எல்லாம் வாசனைக்கு. இவை காற்றுப்பட்டுப் பழசாகும்போது தோல் ஒவ்வாமை தரக்கூடியவை. செடியிலிருந்து வந்தாலும் அதேதான். பாரபெனை வில்லனாக்கிவிட்டு இதை முகத்தில் நாள் முழுக்க விட்டுவைப்பதை எப்படிச் சுத்தம் என்பது? மெத்தில்பாரபெனை ஐரோப்பிய ஒன்றியமே 0.4 சதம் வரை அனுமதிக்கிறது.

மெடிக்கல் கிரீமின் பெயர்கள் பார்க்கப் பயமுறுத்தும். ஆனால் டப்பாவில் 0.3 சதம் ரெட்டினால் என்று இருந்தது, வாசனை இல்லை. இரவில் மட்டும், பகலில் சன்ஸ்கிரீனோடு. கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் தொடக்கூடாது. நேர்மையில் நான்கில் இதற்குத்தான் முதலிடம் தருவேன். எரிச்சல் தாங்காதவர்களுக்கு, சதவீதம் போட்ட, வாசனை சேர்க்காத பகுச்சியால் சீரம். தேடினால் கிடைக்கிறது.

அப்புறம், பொடியை நான் விட்டுவிடவில்லை. பயறும் ஆவாரம்பூவும் வெட்டிவேரும் அம்மா கை மணம், அதை எப்படி விடுவது? அரைத்து வைத்த பாக்கெட்டில் பட்டியல் இருக்காது, நாட்டு மருந்துக் கடையில் தனித்தனியாக நிறுத்து வாங்கினால் நாமே பட்டியல். போன வாரம் கடைக்காரர் வழக்கம்போலக் கார்போகரிசி டப்பாவைத் திறந்தார்.

“அது வேண்டாம்ணே.”

“அது இல்லாம குளியல் பொடியாம்மா?”

கழுத்தைக் காட்டினேன். கறுப்பு இன்னும் லேசாக இருக்கிறது. டப்பாவை மூடிவிட்டு ஆவாரம்பூவை ஒரு பிடி கூடுதலாகப் போட்டார்.