வேலூர் வெயிலில் சோலார் பம்ப்: பூஸ்ட், இசட்-சோர்ஸ், குவாசி-இசட் மூன்றில் எது?

அணைக்கட்டு, குடியாத்தம் பக்கம் கிணற்றில் ஓடும் 3 எச்பி சோலார் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். 330 வாட் பேனல் பத்தை சீரிஸில் போட்டால் சுமார் 370 வோல்ட் டிசி வரும். 415 வோல்ட் மூன்று ஃபேஸ் மோட்டார் முழு வேகத்தில் ஓட, டிசியை ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டருக்கு 587 வோல்ட் வேண்டும். மிச்சத்தை ஏற்றித் தருவது யார் என்பதுதான் கேள்வி.

பழைய வழி, இன்வெர்ட்டருக்கு முன்னால் டிசி வோல்டேஜை ஏற்றும் ஒரு பூஸ்ட் கன்வெர்ட்டர். காயில், டயோடு, சுவிட்ச் ஒவ்வொன்று கூடுதல், அவ்வளவுதான். இதன் பலவீனம் இன்வெர்ட்டரில் இருக்கிறது. அதில் ஒவ்வொரு ஃபேஸுக்கும் மேலும் கீழுமாக இரண்டு சுவிட்ச் கொண்ட ஒரு லெக் உண்டு. ஒரே லெக்கின் மேல் சுவிட்சும் கீழ் சுவிட்சும் ஒரு கணம் சேர்ந்து ஆன் ஆனால் ஷார்ட் ஆகி, சுவிட்சாக இருக்கும் ஐஜிபிடி டிரான்சிஸ்டர் காலி.

அந்த ஷார்ட்டையே வேலைக்கு வைத்துக்கொள்வது இசட்-சோர்ஸ் இன்வெர்ட்டர். பவர் எலக்ட்ரானிக்ஸ் ஆய்வாளர் ஃபாங் செங் பெங் 2002-ல் முன்வைத்தது. இரண்டு காயில், இரண்டு கெபாசிட்டர் குறுக்கும் நெடுக்குமாக இணைந்திருக்கும். வேண்டுமென்றே லெக்கை ஷார்ட் செய்யும்போது காயில்கள் ஆற்றலைச் சேர்த்துக்கொண்டு பிறகு வோல்டேஜை ஏற்றித் தரும். மின் இரைச்சலால் தவறிப்போய் ஒரு கணம் ஷார்ட் ஆனாலும் காயில் தாங்கிக்கொள்ளும். கிணற்று மேட்டில், நீளக் கேபிளோடு ஓடும் பெட்டிக்கு இது சின்ன விஷயம் இல்லை. கால்பங்கு நேரம் ஷார்ட் வைத்தால் வோல்டேஜ் இரண்டு மடங்கு. பூஸ்ட்டில் அதே கால்பங்குக்கு 1.33 மடங்குதான்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஷார்ட்டுக்குக் கொடுத்த நேரத்தில் மோட்டாருக்கு வோல்டேஜ் போகாது. அதை ஈடுகட்ட, இன்வெர்ட்டர் சுவிட்சுகளுக்குப் போகும் டிசி வோல்டேஜை இன்னும் மேலே ஏற்ற வேண்டும். மூன்றாம் ஹார்மோனிக் (மூன்று மடங்கு அதிர்வெண் அலை) சேர்த்து நல்ல முறையில் இயக்கினாலும், நம் கணக்கில் சுவிட்ச் தாங்க வேண்டியது 587-இன் இரு மடங்கான 1174-லிருந்து பேனல் வோல்டேஜைக் கழித்தால் வருவது: 804 வோல்ட். பூஸ்ட்டில் அது 587-தான்.

நம் ஊர் இங்கேதான் குறுக்கே வருகிறது. கத்திரி வெயிலில் பேனல் செல் 65 டிகிரிக்குப் போனால் வோல்டேஜ் 325 பக்கம் இறங்கிவிடும். சுவிட்ச் சுமை 849-க்கு ஏறும். காலையில் மோட்டார் முழு வேகமான 50 ஹெர்ட்ஸில் இல்லாமல் 30 ஹெர்ட்ஸில் மெதுவாக ஓடும்போது 352 வோல்ட் போதும், வோல்டேஜை ஏற்றவே தேவையில்லை. முழு வேகம் கேட்பது உச்சி வெயிலில், பேனல் மிகவும் தளர்ந்திருக்கும் நேரத்தில். 1200 வோல்ட் ஐஜிபிடி இருந்தாலும், சுவிட்சிங் ஸ்பைக்கையும் சேர்த்தால் எனக்கு அந்த இடைவெளி போதாது.

குவாசி-இசட் இதே குடும்பம், சுவிட்ச் சுமையும் அதேதான். ஆனால் பேனல் பக்கம் காயில் இருப்பதால் கரண்ட் விட்டுவிட்டு இழுக்காது, பேனலிலிருந்து அதிகபட்ச பவரை எடுக்கும் எம்பிபிடி நிதானமாக நடக்கும். இசட்-சோர்ஸில் இரண்டு கெபாசிட்டரும் 587 வோல்ட் தாங்க வேண்டும். இதில் ஒன்றுக்கு சுமார் 217 போதும். சூட்டில் முதலில் சாவது எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்தான் என்பதால் இது பெரிய லாபம். சோலாருக்கு இரண்டில் ஒன்று என்றால் கண்ணை மூடிக்கொண்டு குவாசி-இசட்.

பத்துப் பேனல் மட்டும் என்றால் நான் பூஸ்ட்டையே போடுவேன். பதினான்கு பேனல் சீரிஸில் போட இடமும் பணமும் இருந்தால் 518 வோல்ட் வரும், சுவிட்ச் சுமை 656-க்கு இறங்கிவிடும்; அப்போது குவாசி-இசட்தான் என் தேர்வு.